வேலை கொடுத்தான், வேலைக் கொடுத்தான்

கல்லூரி முடித்த கையோடு நான் ஒரு எழுத்தாளர் என்று முடிவு செய்துவிட்டேன். பத்திரிகைகளுக்குத்தான் அது தெரியவில்லை. தபால்தலை ஒட்டி, சொந்த விலாசம் எழுதி உள்ளே வைத்து அனுப்பிய உறைகள் ஒழுங்காக வீட்டுக்குத் திரும்பி வந்தன. அப்பா ஒருநாள், "இதுக்கு ஒரு வேலைக்குப் போகலாம்ல" என்றார். மதுரையில் ஒரு சின்ன அச்சகத்தில் புரூஃப் பார்க்கப் போனேன்.

நிறையப் படிப்பவள் என்ற திமிர் முதல் வாரமே போனது. ஒரு கல்யாணப் பத்திரிகையில் இரண்டு பெயருக்கும் மேலே 'மணமகள்' என்றே இருந்தது. மூன்று முறை பார்த்துக் கையெழுத்துப் போட்டது நான். 500 பத்திரிகைகளும் அச்சாகி, மடித்துக் கட்டி வைத்த பிறகுதான் பெண் வீட்டார் கண்டுபிடித்தார்கள். இருப்பதைப் படிக்காமல், இருக்கவேண்டியதைப் படித்திருக்கிறேன். இத்தனை வருடமும் கதைகளையும் அப்படித்தான் மேய்ந்திருப்பேன் போல.

அங்கே முப்பது வருடமாகப் பிழை திருத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் ஐயா. "வாய்விட்டுப் படிம்மா, கண்ணு ஏமாத்தும்" என்றார். ஒரு அட்டைத்துண்டை வரிக்குக் கீழே வைத்து, அடுத்த வரியை மறைத்துப் படிக்கச் சொன்னார். ஆமை வேகம்.

அப்புறம் ஒற்று. 'வேலை கொடுத்தான்' என்றால் உத்தியோகம் தந்தான். நடுவில் ஒரு 'க்' விழுந்தால் முருகனுடைய வேலைத் தூக்கிக் கொடுத்துவிட்டான். ஐந்து பேர் வந்தால் ஒற்று கிடையாது, பத்துப் பேர் வந்தால் உண்டு. ஊறுகாய்க்கு நடுவில் ஏன் ஒற்று வருவதில்லை என்று கேட்டதற்கு அரை மணி நேரம் வினைத்தொகை பாடம் நடந்தது. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்ததெல்லாம் இங்கேதான் உயிரோடு நடமாடியது. 'முயற்சித்தேன்' என்று எழுதினால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "பயிற்சித்தேன்னு சொல்லுவியா? முயன்றேன்னு எழுது." இப்போது எல்லோரும் 'முயற்சித்தேன்' என்றுதான் எழுதுகிறார்கள். எனக்கு மட்டும் கை நின்றுவிடுகிறது.

இதில் ஒரு வம்பும் வந்து சேர்ந்தது. எதையும் ஆசையாகப் படிக்க முடியவில்லை. பொட்டலம் மடித்த காகிதத்தில்கூட ஒற்றைத் தேடினேன். எழுத உட்கார்ந்தால் இன்னும் மோசம். முதல் வாக்கியத்தையே பத்து முறை திருத்திவிட்டு எழுந்துவிடுவேன். கிட்டத்தட்ட ஒரு வருடம் ஒன்றுமே எழுதவில்லை. கடைசியில், பழைய டைரி ஒன்றில் பென்சிலால் மளமளவென்று எழுதுவது, ஒரு வாரம் அந்தப் பக்கம் திரும்பாமல் இருப்பது, பிறகு சிவப்புப் பேனாவோடு வருவது என்று ஏதோ ஒரு வழி பிடிபட்டது. பென்சில் என்றால் அது இன்னும் அச்சுக்குப் போகாது என்று மனசு நம்பிவிடுகிறது.

அப்படி எழுதிய கதை ஒன்றை ஐயாவிடம் கொடுத்தேன். மறுநாள் பக்கமெல்லாம் சிவப்பாகத் திரும்பி வந்தது, எல்லாம் ஒற்றும் சந்தியும். கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பொறுக்காமல், "கதை எப்படிய்யா?" என்று கேட்டேன்.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அந்தக் கொழுந்தியா எதுக்கு வந்தா?" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். எனக்கே தெரியவில்லை. அவள் வருகிறாள், காபி போடுகிறாள், ஜன்னல் வழியாக மழையைப் பார்க்கிறாள், போய்விடுகிறாள். மழையை நான் நன்றாக வர்ணித்திருந்தேன், அதற்காக ஒருத்தியை வரவழைத்திருக்கிறேன். கொழுந்தியாளோடு மழையும் போனது. ஏழு பக்கக் கதை நாலரைப் பக்கமாயிற்று.

ஒரு சிற்றிதழில் அது வந்தபோது முதல் பிரதியை ஐயாவிடம்தான் நீட்டினேன். சட்டைப்பையில் இருந்து அட்டைத்துண்டை எடுத்து முதல் வரிக்குக் கீழே வைத்தார். இரண்டாவது பத்தியில் அது நின்றது.

"இங்க ஒரு 'ப்' போச்சே. யாரும்மா புரூஃப் பார்த்தது?"

நான்தான்.