‘எல்லாமேவா சார்?’

இருபதாம் நூற்றாண்டு உலக வரலாறு ஒன்றின் மொழிபெயர்ப்பு. 1919-ல் பஞ்சாபில் போட்ட இராணுவச் சட்டத்தை மொழிபெயர்ப்பாளர் ‘மார்ஷல் சட்டம்’ என்றே எழுதியிருந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. “மார்ஷல்னு வர்ற இடத்துல இராணுவன்னு மாத்திடும்மா” என்றேன். கணினியில் ஒரே தட்டில் முடிகிற வேலை. அந்தப் பெண் தட்டாமல் திரும்பி, “எல்லாமேவா சார்?” என்றாள்.

“எல்லாந்தான்.”

அடுத்த புரூஃபில் ‘பீல்டு இராணுவ மானெக்‌ஷா’ வந்து நின்றார். சிந்துவெளி நாகரிகத்தை 1924-ல் உலகுக்கு அறிவித்தவர் ‘ஜான் இராணுவ’ ஆகியிருந்தார். சிரித்துக்கொண்டே திருத்தினோம். அகப்படாமல் போனது மார்ஷல் திட்டம். ‘இராணுவ திட்டம்’ என்று இருந்ததைப் பார்த்து, ஒற்று விட்டுப்போயிற்றே என்று நானே சிவப்பு மையில் ஒரு ‘த்’ போட்டேன்.

போரில் நொடிந்த மேற்கு ஐரோப்பாவுக்கு அமெரிக்கா 1948 முதல் கொடுத்த சுமார் 1,300 கோடி டாலர் பொருளாதார உதவி அது. வெளியுறவுச் செயலர் ஜார்ஜ் மார்ஷலின் பெயரால் வழங்குவது. முன்னாள் தளபதி என்பதால் வாக்கியம் உறுத்தவும் இல்லை. 1953-ல் அமைதிக்கான நோபல் வாங்கியவரைத் திரும்பப் படைக்கே அனுப்பிவிட்டேன்.

ஆங்கிலத்தில் இந்தக் குழப்பம் வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இராணுவச் சட்டத்தில் வரும் சொல் (martial) ரோமானியப் போர்க்கடவுள் மார்ஸிடமிருந்து வந்தது. மற்றது (marshal) குதிரை பார்க்கும் பணியாளைக் குறித்த பழைய ஜெர்மானியச் சொல். பதவியாகி, அப்புறம் குடும்பப் பெயரும் ஆனது. அங்கே எழுத்துகளே பிரித்துக் காட்டிவிடும். தமிழில் எல்லாம் ஒரே மார்ஷல். கிளார்க்கும் அப்படித்தான், குமாஸ்தாவா ஆளா என்று தெரியாது. அதிலாவது பரவாயில்லை, அந்தக் குடும்பப் பெயரே எழுத்தர் வேலையிலிருந்து வந்ததுதான்.

எழுத்தின் மேல் பழியைப் போட்டால் கொஞ்சம் நிம்மதி. ஆனால் ஆங்கில மூலம் என் மேசையிலேயே கிடந்தது.

அவள் அன்று தெரிந்துதான் கேட்டாளா? வழக்கமாகக் கேட்கிற கேள்வியா? புத்தகம் வந்த பிறகு விசாரித்தேன். “ஞாபகம் இல்ல சார்” என்றாள். என் மனம் நோகாமல் இருக்கச் சொன்னதோ என்னவோ. இரண்டாம் பதிப்பில் திருத்தியாயிற்று. ஆனால் இப்போதும் யாராவது “எல்லாமேவா?” என்று கேட்டால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான்.