48 குதிரைவலு, இரண்டு காலங்கள்: மொறிஸ் மைனரும் அல்டோ 800 உம்

1962 இல் வந்த 1098 சிசி மொறிஸ் மைனர் எஞ்சினும், 2012 இல் வந்த அல்டோ 800 இன் 796 சிசி எஞ்சினும் ஏட்டளவில் ஏறத்தாழ ஒரே வலுவையே, அதாவது 48 குதிரைவலுவையே, தருகின்றன. மாமாவின் மைனர் ஓடும் நிலைக்கு வந்துவிட்டதால், அதையும் எங்கள் அல்டோவையும் மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரையும், மண்முனைப் பாலம் கடந்து வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வயற்பாதைகளிலும் மாறிமாறி ஓட்டிப் பார்த்தேன்.

வலு ஒன்றாயினும் அது கிடைக்கும் இடம் வேறு. மைனரின் உச்ச முறுக்குவிசை, அதாவது எஞ்சின் சுழற்றி இழுக்கும் விசை, நிமிடத்துக்கு 2500 சுற்றுகளிலேயே வந்துவிடுவதால், காத்தான்குடியில் பேரீச்சை மரங்களை ஒட்டி ஊர்ந்து செல்லும் நெரிசலிலும் மூன்றாம் கியரிலேயே அது முனகாமல் இழுக்கிறது. அல்டோவுக்கு அது 3500 சுற்றுகளில்தான் கிடைக்கிறது. ஆகவே அதே இடத்தில் இரண்டாம் கியருக்கு இறங்க வேண்டியிருந்தது. ஆனால் ஆரையம்பதி தாண்டி வீதி திறந்ததும் நிலைமை தலைகீழாகிறது. பஸ் ஒன்றை முந்துவதற்கு அல்டோ தயங்குவதில்லை. மைனரோ மணிக்கு 70 கிலோமீற்றரைக் கடந்தால் இரைச்சலில் பேச்சுக் கேட்காது. முதலாம் கியரில் சின்க்ரோமெஷ் (பற்சக்கரங்களின் வேகத்தை ஒத்திசைத்து உரசாமல் இணைக்கும் அமைப்பு) இல்லாததால், வண்டி முழுமையாக நின்ற பின்னரே அதைப் போடவும் வேண்டும்.

உண்மையான இடைவெளி பிரேக்கில்தான் இருக்கிறது. மைனரின் நான்கு சக்கரங்களிலும் டிரம், உதவி விசை கிடையாது, எண்ணெய்ச் சுற்றும் ஒன்றே ஒன்று. மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடித் தரைக்குக் கீழே முன் சக்கரங்களுக்கு வில்லாக வேலை செய்யும் முறுக்குக்கம்பியின் பக்கத்தில் ஒளிந்திருப்பதால், அதன் ரப்பர் வளையங்களை மாற்றுவதற்கே மற்றெல்லா வேலைகளையும் விட அதிக நேரம் பிடித்தது. இப்போது நேராக நிற்கிறது, ஆயினும் மாலையில் வீதிக்கு வரும் மாடுகளை அல்டோவில் பார்ப்பதற்கு முன்பே மைனரில் பார்த்தாக வேண்டும்.

வயற்பாதையில் மைனரின் 14 அங்குலச் சக்கரங்கள், அல்டோவின் 12 அங்குலச் சக்கரங்கள் விழுந்து எழும் குழிகளை எளிதாகக் கடந்தன. வெப்பமான கச்சான் காற்று வீசும் பகலில் மட்டும், முன் கதவின் முக்கோணக் கண்ணாடியைத் திறந்துவிட்டுச் செல்வது எவ்வளவு அழகாகத் தோன்றினாலும், அல்டோவின் ஏசிக்கு அது ஈடாகாது. எரிபொருளிலும் போட்டியில்லை: டாங்கியை நிரப்பி அளந்தபோது மைனர் லீற்றருக்கு 11 கிலோமீற்றரும் அல்டோ 18 கிலோமீற்றரும் ஓடின. இலங்கையில் 2002 இல் ஈயப் பெற்றோல் நின்றுபோனதால், முன்பு ஈயம் தேயாமல் காத்துவந்த மைனரின் வால்வு இருக்கைகளை (வால்வுகள் மூடும்போது அமரும் இடங்களை) இப்போது காக்கும் கலவைத் திரவமும் தனிச் செலவு.

கடலும் வாவியும் சூழ்ந்த இடத்தில் துரு இரண்டையும் தின்னும். மைனரின் பின் வில் தாங்கும் இடங்களில் தகடு வெட்டி ஒட்ட வேண்டியிருந்தது. இந்த வண்டிக்கான உடற்தகடுகள் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கும் ஏற்றுமதியானவை என்பதால், பொருள் தேடுவது நினைத்த அளவுக்குக் கடினமாக இருக்கவில்லை.

தினசரி வேலைக்கு அல்டோவையே எடுப்பேன். மைனருக்கு அடுத்ததாக முன் டிஸ்க் பிரேக் பொருத்த விரும்புகிறேன்; அசல் மாறக்கூடாது என்று மாமா இன்னும் சம்மதிக்கவில்லை.