எஸ்கலேட்டரில் சிக்கிய புடவை: ஆகஸ்ட் நாட்குறிப்பு

11 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

ஆடித் தள்ளுபடியின் கடைசி ஞாயிறு. மாலில் கால் வைக்க இடமில்லை. முதல் மாடிக்கு ஏறும் எஸ்கலேட்டரில் எனக்கு நாலைந்து படி முன்னால் ஒரு பாட்டியும் அவர் பேரனும் நின்றிருந்தார்கள். மேலே போனதும் பேரன் இறங்கிவிட்டான். பாட்டியால் இறங்க முடியவில்லை. படிகள் உள்ளே போகிற இடத்தில் சீப்புப் பல் மாதிரி ஒரு தகடு இருக்கிறதே, அதில் புடவையின் கீழ்க்கரை மாட்டிக்கொண்டு, கொசுவத்தோடு சேர்த்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. பாட்டி அப்படியே முட்டி போட்டு விழுந்தார்.

பின்னால் இருந்த நாங்கள் எல்லோரும் அவர் மேலே போய்ச் சேர்ந்துகொண்டே இருந்தோம். நிற்கச் சொன்னால் நிற்கிற படியா அது? எனக்கு முன்னால் இருந்த ஒரு அம்மா குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே இறங்கப் பார்த்தார். மேலே நாலு பேர் பாட்டியின் தோளைப் பிடித்து இழுக்கிறார்கள், மெஷின் புடவையை இழுக்கிறது. பேரன் "ஆயா, ஆயா" என்று அலறுகிறான். செக்யூரிட்டி விசில் ஊதிக்கொண்டே ஓடி வருகிறார்.

நிறுத்தியது பாப்கார்ன் கவுண்டரில் நின்ற ஒரு பெண். இருபது வயதுகூட இருக்காது. "எல்லாரும் கைப்பிடியைப் பிடிச்சுக்குங்க" என்று கத்திவிட்டு, கைப்பிடி வளைந்து உள்ளே போகும் இடத்தில், முழங்கால் உயரத்தில் இருந்த சிவப்பு பட்டனை அழுத்தினாள். படி இன்னும் கொஞ்சம் ஓடி நின்றது.

பிளவுஸ் தைக்கும் கடையிலிருந்து கத்தரிக்கோல் வந்தது. அப்போதும் பாட்டி, "புடவையக் கிழிச்சுடாதப்பா, பேத்தி எடுத்துக் குடுத்தது" என்றார். வேறு வழியில்லை, வெட்டித்தான் எடுத்தார்கள். அவர் உள்ளங்கையைப் பார்த்தேன். படியின் வரிகள் அப்படியே பதிந்து, வரிக்கு வரி ரத்தம் கட்டியிருந்தது. முழங்காலில் ஆழமான வெட்டு. யாரோ துண்டை வைத்துக் கட்டி, ஆட்டோவில் ஏற்றி அனுப்பினோம். பேரனின் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டேன்.

12 ஆகஸ்ட், திங்கள்

பேரனிடம் பேசினேன். எலும்பு முறிவு இல்லை, தையல் மட்டும்தான். திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்தவர்களாம்.

மேல் வீட்டு அண்ணன் லிஃப்ட், எஸ்கலேட்டர் பராமரிப்பு வேலையில் பல வருஷமாக இருக்கிறவர். ராத்திரி அவரிடம் கேட்டேன். அந்தச் சீப்புத் தகட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டாம். கல், ஆணி மாதிரி கெட்டியாக ஏதாவது சிக்கினால் தகடு நகரும், சுவிட்ச் மோட்டாரை நிறுத்திவிடும். துணி மெல்லியது, தகடு அசையாமலே உள்ளே போய்விடும். மெஷினுக்கு ஒன்றும் தெரியாது. அப்போது மனுஷன்தான் நிறுத்த வேண்டும்.

வேகம் பெரும்பாலும் நொடிக்கு அரை மீட்டர். ஒரு படி, கால் வைக்கும் இடம் முன்னிருந்து பின்வரை ஏறக்குறைய 40 செ.மீ. அப்படியென்றால் ஒரு நொடி முடிவதற்குள் அடுத்த படி ஆட்களோடு வந்து நிற்கிறது. பட்டனை அழுத்தினாலும் சடக்கென்று நிற்காது. சடக்கென்று நின்றால் மேலே இருப்பவர்கள் உருண்டுவிடுவார்கள் என்று பிரேக்கையே அப்படித்தான் வைத்திருப்பார்களாம். முதலில் கைப்பிடியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு அப்புறம் பட்டனை அழுத்தியதைச் சொன்னதும், "அந்தப் பொண்ணுக்கு யாரோ நல்லா சொல்லிக் குடுத்திருக்காங்க தம்பி" என்றார்.

ஓரங்களில் இருக்கும் பிரஷ்கூட ஷூ துடைக்க வைத்தது இல்லை. படிக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவில் இருக்கும் சந்துக்குள் காலோ துணியோ போகாமல் தள்ளி நிறுத்துவதற்காம். ஐரோப்பிய விதிப்படி அந்தச் சந்து ஒரு பக்கம் 4 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. புடவைத் தலைப்புக்கும் துப்பட்டாவுக்கும் அவ்வளவே போதும்.

14 ஆகஸ்ட், புதன்

தூக்கம் வராமல் பழைய செய்திகளைப் படித்தேன். 2015 ஜூலையில் சீனாவின் ஜிங்ஜோ நகரத்தில் ஒரு கடை வளாகம். எஸ்கலேட்டர் முடியும் இடத்தில் தரைத்தகடு சரியாகப் பொருந்தாமல் இருந்தது. ஒரு தாய் அதில் கால் வைத்ததும் தகடு சாய்ந்தது. உள்ளே போகும்போதே கையிலிருந்த குழந்தையை முன்னால் தள்ளிக் கொடுத்துவிட்டு அவர் இறந்துபோனார். தகடு ஆடுவதைக் கடை ஊழியர்கள் சில நிமிஷம் முன்பே பார்த்திருந்தார்கள் என்பதைப் படித்தபோது வயிறு கலங்கியது. மேலே நின்றுகொண்டு வருகிறவர்களிடம் ஜாக்கிரதை என்று சொல்வதற்குப் பதில் பட்டனை அழுத்தியிருந்தால் அந்தப் பெண் வீடு போயிருப்பார்.

16 ஆகஸ்ட், வெள்ளி

வேலை முடிந்து மாலுக்குப் போனேன். பாப்கார்ன் பெண்ணைப் பாராட்டலாம் என்று நினைத்தால், அவளிடம் விளக்கம் எழுதி வாங்கியிருக்கிறார்கள். செக்யூரிட்டி வருவதற்குள் நீ ஏன் கை வைத்தாய் என்பது கேள்வி. "முன்னாடி வேலை பார்த்த கடைல ட்ரெய்னிங் குடுத்தாங்கண்ணா, அதான்" என்றாள், ஏதோ தப்பு செய்தவள் மாதிரி. எனக்குக் கோபம் தாங்கவில்லை. அந்தப் பட்டன் பூட்டு போடாமல் வெளியே இருப்பதே பக்கத்தில் நிற்கிற யார் வேண்டுமானாலும் அழுத்துவதற்குத்தான்.

அங்கேயே உட்கார்ந்து நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினேன். அவளிடம் வாங்கிய கடிதத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், மேலேயும் கீழேயும் பட்டன் இருக்கும் இடத்தைத் தமிழில் பெரிதாக எழுதி ஒட்ட வேண்டும், கூட்ட நாளில் இரண்டு முனையிலும் ஆள் நிறுத்த வேண்டும். மேனேஜர் வாங்கிப் படித்தார். பார்க்கிறோம் சார் என்றார்.

24 ஆகஸ்ட், சனி

பாப்கார்ன் பெண்ணிடம் எழுதி வாங்கிய விளக்கக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். அவளே சொன்னாள். பாட்டிக்குத் தையல் பிரித்தாகிவிட்டது. அவர் கேட்டாரென்று பேரன் இவள் எண்ணைக் கேட்டான். இவளிடம் அனுமதி கேட்டுக் கொடுத்தேன்.

மேல் முனையில் "ஆபத்து என்றால் அழுத்தவும்" என்று சிவப்பில் ஒட்டியிருக்கிறார்கள். நன்றாகத் தெரிகிறது. கீழ் முனையில் இன்னும் ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் விநாயகர் சதுர்த்திக் கூட்டம் தொடங்கிவிடும். திங்கட்கிழமை மறுபடி போய்க் கேட்க வேண்டும்.