அப்பாவுக்கு மார்ஃபின் மாத்திரை வாங்க அலைஞ்சது

அப்பாவுக்கு புராஸ்டேட் கேன்சர் முதுகெலும்புக்குப் பரவிடுச்சு. டிரமடால் போட்டும் வலி கேக்கல, ராத்திரி ரெண்டு மணிக்கு கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு, படுத்தா வலி, புரண்டா வலி. பாத்துக்கிட்டிருந்த டாக்டர் "மார்ஃபின் ஆரம்பிக்கணும், எங்ககிட்ட ஸ்டாக் இல்ல"ன்னு சீட்டு எழுதிக் குடுத்தாரு, ஆனா எங்க கிடைக்கும்னு சொல்லல.

பதினோரு மெடிக்கல் ஏறி இறங்கினேன். ஒரு கடையில சீட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு என் மூஞ்சியைப் பாத்தாங்க, ஏதோ போதைக்கு வாங்க வந்தவன் மாதிரி. மூணு வாரம் இப்படியே போச்சு. அந்த மூணு வாரத்தை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது.

நர்ஸா இருக்கற அக்கா ஒருத்தங்க சொன்னப்புறம்தான் விவரம் தெரிஞ்சுது, பாலியேட்டிவ் கேர் (நோயாளியோட வலியையும் அவஸ்தையையும் குறைக்கற சிகிச்சை) இருக்கற, மார்ஃபின் வச்சுக்க அங்கீகாரம் வாங்கின ஆஸ்பத்திரியாப் பாத்துப் போகணும். 1985-ல வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துல அபினோட சேந்து, அதுலேந்து எடுக்கற மார்ஃபினும் மாட்டிக்கிச்சு, ஒரு ஆஸ்பத்திரி இதை வாங்கணும்னா நாலஞ்சு லைசென்ஸ் ஒரே நேரத்துல செல்லுபடியாகணும், அதனால நிறைய பேரு வேணாம்னு விட்டுட்டாங்க. 2014-ல சட்டத்தைத் திருத்தி, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகிட்ட ஒரே அங்கீகாரம் வாங்கினா போதும்னு ஆக்கியாச்சு. ஆனா பழைய பயம் போகல. மத்தியப் பிரதேசத்துலயும் ராஜஸ்தான்லயும் அரசாங்க லைசென்ஸோட கசகசா செடி வளத்து அபின் எடுக்கற நாடு இது, இங்கயே ஒரு கேன்சர் பேஷன்ட் வலியில துடிக்கறதை என்னால ஏத்துக்கவே முடியல.

ஜிஎச்ல பாலியேட்டிவ் பிரிவுக்கு பயாப்ஸி ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதார் ஜெராக்ஸ் எல்லாம் கொண்டுபோனேன். ரிஜிஸ்டர்ல பேரு எழுதி, மாத்திரையை எண்ணி, கையெழுத்து வாங்கிக்கிட்டுக் குடுத்தாங்க. காலி அட்டையை அடுத்த தடவை கொண்டுவரச் சொன்னாங்க. அங்க இருந்த சிஸ்டர் ஒண்ணு சொன்னாங்க, "வலி வந்தப்புறம் குடுக்காதீங்க தம்பி, கடிகாரத்தைப் பாத்துக் குடுங்க." காலை 6, 10, மத்தியானம் 2, சாயங்காலம் 6, ராத்திரி 10-க்கு மட்டும் டபுள், நடுராத்திரி எழுப்ப வேண்டாம்னு. மலச்சிக்கல் கண்டிப்பா வரும்னு அதுக்கும் முதல் நாள்லேந்தே மருந்து குடுத்தாங்க, அதை விட்டுடாதீங்க.

சித்தப்பா வந்து "அண்ணனுக்கு அபினைக் குடுக்கறியாடா, பழக்கமாயிடும்டா"ன்னு சத்தம் போட்டாரு. அளவைப் பாத்து டாக்டர்தான் ஏத்தி இறக்கறாருன்னு பொறுமையா சொன்னேன். ரெண்டாம் நாள் காலையில அப்பா சுவத்துல சாஞ்சு உக்காந்து அவரே டம்ளரைப் பிடிச்சு காபி குடிச்சாரு, சித்தப்பா அதுக்கப்புறம் ஒண்ணும் பேசல.

அதுக்கப்புறம் நாலு மாசம் இருந்தாரு.

காரியம் முடிஞ்ச வாரம் பக்கத்து வீட்டு அத்தை, மிச்சம் இருந்தா முட்டி வலிக்கு ரெண்டு குடுன்னு கேட்டாங்க. பாவம், அவங்களுக்கும் வலிதான், ஆனா பழக்கமில்லாத உடம்புக்கு யாரும் பாக்காம குடுத்தா மூச்சே அடங்கிப் போகலாம். முடியாதுன்னுட்டேன். 26 மாத்திரை மிச்சம் இருந்துச்சு, அட்டையோட கொண்டுபோய்க் குடுத்தேன், அதே சிஸ்டர் எண்ணிப் பாத்து ரிஜிஸ்டர்ல எழுதிக்கிட்டு "சாப்ட்டீங்களா தம்பி"ன்னு கேட்டாங்க.