தட்டாதே, தள்ளு: பிள்ளைகளுக்கு டிரிபிள் சொல்லிக்கொடுத்த கதை

கூடைப்பந்தில் பந்தை ஒரு கையால் தரையில் எழும்ப வைத்துக்கொண்டே நகர்வதுதான் டிரிபிள். அதை நாம் 'பந்தைத் தட்டுவது' என்றுதான் சொல்கிறோம். நான் பழகியதும் அந்தச் சொல்லோடுதான். அதனால் 8 வயதிலிருந்து 11 வயது வரையுள்ள 14 பிள்ளைகள் முன்னால் நின்றபோது முதலில் வாயில் வந்ததும் அதுவே: "எல்லாரும் பந்தைத் தட்டுங்க."

தட்டினார்கள். பூட்டிய கதவைத் தட்டுவதுபோல, உள்ளங்கையை விரித்துப் படார் படாரென்று தட்டினார்கள். ஒரு பந்து காலில் பட்டு ஓடியது, ஒன்று முகத்துக்கு வந்தது. ஒரு பையன் மட்டும் பந்தைத் துரத்தியே மைதானத்தைச் சுற்றி வந்துவிட்டான். நானும் "இப்படி இல்லடா, இப்படி" என்று தட்டிக் காட்டினேன். பார்த்தார்கள், மறுபடியும் படார் படார்.

சொல்லிக்கொடுப்பவர் விட்டுப் போனதால், "நீ விளையாடினவன்தானே, பார்த்துக்கோ" என்று என் தலையில் விழுந்த வேலை இது. பல வருடம் ஆடியதால் என் கை என்ன செய்கிறது என்பது எனக்கே தெரியாது. அன்று இரவு தனியாக நின்று மெதுவாக டிரிபிள் செய்து பார்த்தேன். பந்து என் உள்ளங்கையில் படவே இல்லை. விரல் நுனிக்குச் சற்றுக் கீழே இருக்கும் சதையில்தான் பட்டது. மேலே வரும் பந்தைக் கை கொஞ்சம் தூரம் கூடவே வந்து வாங்கிக்கொள்கிறது, அப்புறம் மணிக்கட்டு மடங்கிக் கீழே தள்ளுகிறது. இதில் தட்டல் எங்கே இருக்கிறது? மறுநாளிலிருந்து 'தட்டு' என்ற சொல்லையே நிறுத்திவிட்டேன். "தள்ளுங்க. வரும்போது விரலால வாங்குங்க." பாதிப் பேரின் சத்தம் அன்றே குறைந்தது. ஆமாம், சத்தம்தான். உள்ளங்கையில் அடித்தால் 'சட்' என்று கேட்கும், விரலில் வாங்கினால் கை சத்தம் போடாது. கண்ணை மூடிக்கொண்டே யார் தவறாகச் செய்கிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

பாதிப் பேர் மாறினார்கள், சரி. மீதிப் பேர்? எனக்குச் சொல்லிக்கொடுத்த பழைய கோச்சுக்கு போன் போட்டேன். நான் புலம்பியதையெல்லாம் கேட்டுவிட்டு, "எந்த சைஸ் பந்து?" என்றார். ஸ்டோர் அறையில் கிடந்தவை எல்லாம் 7ஆம் சைஸ். ஆண்கள் ஆடும் பந்து, 600 கிராம் அளவில் எடை, 75 சென்டிமீட்டருக்கு மேல் சுற்றளவு. 9 வயதுப் பிள்ளையின் கைக்கு 5ஆம் சைஸ்தான் சரி. அது 500 கிராமுக்கும் குறைவு, சுற்றளவு 70 சென்டிமீட்டர் அளவில்தான். போதாக்குறைக்கு எங்கள் பந்துகளில் பாதி காற்று இறங்கியவை. காற்றில்லாத பந்து எழும்பாது, எழும்ப வைக்கப் பிள்ளை ஓங்கி அடிக்கும். நான் விரலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், பழி பம்பில் இருந்தது. அதன்பின் வகுப்பு தொடங்கும் முன் ஒவ்வொரு பந்தையும் தோள் உயரத்திலிருந்து விட்டுப் பார்ப்பேன். இடுப்பு வரையாவது எழும்பாவிட்டால் காற்றடித்த பிறகுதான் பிள்ளைகள் கைக்குப் போகும்.

அவர் கேட்ட அடுத்த கேள்விதான் இன்னும் சுருக்கென்று தைத்தது. "ஒரு பிள்ளை கையில பந்து மொத்தம் எவ்வளவு நேரம் இருக்கு?" கணக்குப் போட்டேன். இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு பேர், தரையில் வைத்த கூம்பை (கோன்) சுற்றி வர ஒருவருக்கு 20 விநாடி. 40 நிமிடத்தில் ஒவ்வொருவருக்கும் ஆறு நிமிடம்கூடத் தேறவில்லை. மீதி நேரமெல்லாம் வரிசையில் நின்று முன்னால் நிற்பவனைக் கிள்ளுவது. அன்றோடு வரிசையைக் கலைத்தேன். பந்து குறைவாக இருந்ததால் இரண்டு பேருக்கு ஒன்று. ஒருவர் 30 விநாடி செய்வார், மற்றவர் எதிரே நின்று பார்ப்பார், பிறகு மாறிக்கொள்வார்கள்.

நிற்கும் விதத்துக்கு நான் அதிகம் பேசவில்லை. முழங்கால் மடங்க வேண்டும், முதுகு வளையக் கூடாது, பந்து பாதத்துக்குப் பக்கவாட்டில் விழ வேண்டும், இடுப்புக்கு மேல் எழும்பக் கூடாது. ஆள் நெருங்கினால் இன்னும் தாழ, முழங்கால் உயரத்துக்கு. அடுத்த கை சும்மா தொங்காமல் பந்துக்கு வேலிபோல முன்னால் நிற்க வேண்டும். இவ்வளவுதான்.

பழகாத கையில் ஒரு கூத்து நடந்தது. "இனி பாதி நேரம் இடது கை" என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். ஒரு பையன் மட்டும் இடது கையில் பிரமாதமாகச் செய்தான். எல்லார் முன்னாலும் இரண்டு வாரம் அவனைப் பாராட்டினேன். ஒருநாள் வருகைப் பதிவில் அவன் கையெழுத்துப் போடுவதைப் பார்த்தேன், இடது கை! "ஏன்டா சொல்லல?" என்றேன். "நீங்க கேக்கவே இல்லையே சார்." அதிலிருந்து 'இடது கை' போய் 'பழகாத கை' வந்தது.

விதிகளை விசிலடித்துப் புரியவைக்க முடியவில்லை. பந்துக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினால் கேரி, பிடித்து நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தால் டபுள் டிரிபிள், இரண்டுமே விதிமீறல். கேட்டுக்கொண்டார்கள், அடுத்த நிமிடமே அதையே செய்தார்கள். ஒரு பொண்ணு, "பந்தைப் பிடிச்சுக்கிட்டே ஓடினா என்ன சார்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. 1891இல் ஜேம்ஸ் நைஸ்மித் இந்த விளையாட்டை உருவாக்கியபோது எழுதிய 13 விதிகளில் டிரிபிளே கிடையாது. பந்தோடு ஓடக் கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும். டிரிபிள் எல்லாம் பிறகு வந்தது. இதைச் சொல்லிவிட்டு அந்தப் பழைய விதிப்படி பத்து நிமிடம் ஆடவிட்டேன். நகர முடியாமல் தவித்துப்போனார்கள். அப்புறம், "இப்போ டிரிபிள் உண்டு. ஆனா ஒரு தடவை பிடிச்சுட்டா மறுபடி பழைய விதிதான்" என்றேன். டபுள் டிரிபிள் அன்றிலிருந்து நன்றாகவே குறைந்தது. கேரி குறையவில்லை, அது இன்னும் இருக்கிறது.

எல்லாவற்றிலும் கடினம் தலை. குனிந்தே ஆடுவார்கள். "தலையைத் தூக்கு" என்று நூறு முறை கத்தியிருப்பேன். எதிரே நிற்பவர் விரலைக் காட்ட, பந்தோடு இருப்பவர் எண்ணிச் சொல்லும் பயிற்சியும் செய்தோம். கில்லாடிகள், ஒரு கணம் பார்த்து "மூணு" என்று சொல்லிவிட்டு மறுபடி பந்துக்கே போய்விடுவார்கள். கடைசியில் வழிக்குக் கொண்டுவந்தது ஒரு விளையாட்டு. நடு வட்டத்துக்குள் ஐந்தாறு பேர், எல்லாரிடமும் பந்து. தன் பந்தை விடாமல் டிரிபிள் செய்துகொண்டே அடுத்தவர் பந்தை வெளியே தள்ள வேண்டும். குனிந்தவன் பந்து போய்விடும். நான் கத்த வேண்டிய தேவையே இல்லாமல் போனது.

முதலில் இதிலும் சறுக்கினேன். பந்தை இழந்தவர் வெளியே உட்கார வேண்டும் என்று வைத்தேன். முதலில் வெளியேறுவது யார்? பயிற்சி அதிகம் தேவைப்படுகிற பிள்ளை. ஒரு குட்டிப் பொண்ணு நான்கு ஆட்டம் தொடர்ந்து வெளியே உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இப்போது வெளியே வந்தால் பழகாத கையில் பத்து முறை தாழ டிரிபிள் செய்துவிட்டு உடனே உள்ளே போகலாம்.

மூன்றாம் மாதம் மூன்றுக்கு மூன்று ஆட்டம் வைத்தேன். அதே குட்டிப் பொண்ணுதான் பந்தோடு வந்தாள். ஒருவன் மறித்தான். பந்தைத் தாழ்த்தி, முன்னால் ஒரு கிராஸ் ஓவர் போட்டு இடது கைக்கு மாற்றினாள், தலை நிமிர்ந்தே இருந்தது. ரிங்குக்கு அருகே ஆளில்லாமல் நின்ற கூட்டாளியைப் பார்த்து பாஸ் கொடுத்தாள். அவன் அதை எதிர்பார்க்கவே இல்லை. பந்து அவன் கையில் பட்டுத் தெறித்துக் கோட்டுக்கு வெளியே போனது.

நான் கைதட்டினேன்.

"வெளியே போனதுக்கா சார் தட்டுறீங்க?" என்றாள், முறைத்துக்கொண்டு.