ஸ்ட்ராபெரி ஃப்ரீசரில் கட்டியாகாமல் இருக்க

200 கிராம் பெட்டியை மேலாகப் பார்த்து வாங்காதீர்கள், கவிழ்த்துப் பாருங்கள். இந்த முறை வந்த பெட்டிகளில் மேலடுக்கு பளபளவென்று இருந்தது. அடியில் நசுங்கிச் சாறு விட்ட பழங்கள். கடையில் காட்டினால், "பழம்னா அப்படித்தாங்க இருக்கும்" என்பதோடு சரி. பூஞ்சை பிடித்த பழத்தையும் அதை ஒட்டியிருந்தவற்றையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். குளிரில் பூஞ்சை சாகாது, வளராமல் கிடக்கும், அவ்வளவுதான். லேசாக அடிபட்டவை அன்றைக்கே ஜாமுக்குப் போகட்டும்.

கழுவும்போது காம்பு இருக்க வேண்டும். காம்பைக் கிள்ளிவிட்டுக் கழுவினால் அந்தக் குழி வழியே தண்ணீர் உள்ளே போய், பழம் சப்பென்று ஆகிவிடும். ஊறவும் போடாதீர்கள். குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக அலசி எடுத்து, பருத்தித் துணியில் பரப்பி, ஃபேன் காற்றில் ஈரம் போக விடுங்கள். பெரும்பாலும் காரியம் கெடுவது இங்கேதான். காய்ந்த மாதிரி தெரியும். காம்பைச் சுற்றித் தொட்டால் ஈரம் இருக்கும். அந்த ஈரம்தான் உறைந்து பழங்களை ஒரே பாறையாக ஒட்டவைக்கிறது. அரை மணி நேரம் கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை. காய்ந்த பிறகு காம்பை எடுங்கள்.

ஸ்டீல் தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, ஒன்றோடொன்று படாமல் ஒரே அடுக்காக வைத்து ஃப்ரீசரில் வைக்க வேண்டியதுதான்.

ஆனால் எந்த ஃப்ரீசர் என்பது முக்கியம். சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டி பெரும்பாலும் மைனஸ் 18 டிகிரிக்குப் போகாது. மெதுவாக உறைந்தால் பனிப் படிகங்கள் பெரிதாகி, பழத்தின் செல் சுவர்களைக் கிழித்துவிடும். இளகும்போது சாறெல்லாம் தனியே ஓடுவது அதனால்தான். டபுள் டோரிலும் அளவு உண்டு. 60 லிட்டர் ஃப்ரீசரில் ஒரு நாளைக்கு 2 கிலோவுக்கு மேல் புதிதாக அடைத்தால் எல்லாமே மெதுவாகத்தான் உறையும். நான் ஒரு கிலோவைத் தாண்டுவதில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் போகும் நாளா என்றும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

மாலையில் வைத்தால் காலையில் கல்லாக இருக்கும். உடனே கவருக்கு மாற்றுங்கள். ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரீசரின் காற்றில் திறந்தபடியே விட்டால் பழம் வறண்டு வெள்ளைத் திட்டு விழும். கெட்டியான ஜிப் கவர் வேண்டும், காய்கறி வாங்கும் மெல்லிய கவர் ஆகாது. ஒரு விரல் நுழையும் அளவு திறப்பு விட்டு மூடி, அந்தத் திறப்பு மட்டும் வெளியே நிற்கும்படி கவரைத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். தண்ணீரின் அழுத்தத்தில் காற்று வெளியேறும், அப்படியே மூடிவிடலாம். உலுக்கினால் பழங்கள் கலகலவென்று தனித்தனியாக உருளும். அந்தச் சத்தம் கேட்டதும்தான் நிம்மதி! 250 கிராமாகப் பிரித்துத் தேதி எழுதி வையுங்கள். எட்டு மாதம் வரை தாராளமாக வரும்.

கேக்கின் மேல் அழகுக்கு வைக்க இது உதவாது, துவண்டுவிடும். மில்க் ஷேக்குக்கு இளகவே விட வேண்டாம். கேக் மாவில் சேர்ப்பதானாலும் உறைந்தபடியே நறுக்கி, மைதாவில் புரட்டி, கடைசியாகப் போடுங்கள். இளகிய பழம் மாவு முழுக்கச் சிவப்பை இறக்கிவிடும்.