கொருக்குப்பேட்டை கேட்டும் நாப்பது மைலும்

ரொம்ப நாள் ஆச்சு இங்க எழுதி. நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்தா தூங்கத்தான் தோணுது. ஆனா போன வாரம் அப்பா கூட அலைஞ்ச அலைச்சல்ல ஒரு விஷயம் மண்டைக்குள்ள சுத்திட்டே இருக்கு, எழுதிட்டா போயிடும்னு உக்காந்துட்டேன்.

அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது ராணுவத்தோட இன்ஜினியர் படை. பட்டாளத்துல அவங்கள 'தம்பி'ன்னுதான் கூப்பிடுவாங்க, பேரப்பசங்க வந்தப்புறமும் அவங்களுக்குள்ள தம்பிதான். 94ல ஹவில்தாரா வெளிய வந்தாரு, சொந்த ஊரு வேலூர் பக்கம், ஆனா அப்போல இருந்து நாங்க தண்டையார்பேட்டைதான். முட்டி போயிடுச்சு. ஈசிஎச்எஸ் தெரியாதவங்களுக்கு: ரிட்டயர் ஆன பட்டாளக்காரங்களுக்கும் குடும்பத்துக்கும் 2003ல கொண்டு வந்த மருத்துவ ஸ்கீம், முதல்ல பாலிகிளினிக் போகணும், அங்க டாக்டர் பாத்துட்டு ரெஃபரல் எழுதி குடுத்தா லிஸ்ட்ல இருக்கிற தனியார் ஆஸ்பத்திரிக்கு போகலாம், காசு கட்ட வேண்டாம். பேப்பர்ல பாத்தா பிரமாதமான ஸ்கீம். இல்லன்னு சொல்ல மாட்டேன், அம்மாவுக்கு கண்ணு ஆபரேஷன் பைசா செலவில்லாம நடந்தது இதுலதான்.

இந்த தடவை ரெஃபரல் வாங்குறதுக்கே ரெண்டு நாள் போச்சு. அப்பா எப்பவும் ஒரு நீல பிளாஸ்டிக் ஃபைல் வெச்சிருப்பாரு, அதுல டிஸ்சார்ஜ் புக், பிபிஓ (பென்ஷன் ஆர்டர்) ஜெராக்ஸ், கார்டு ஜெராக்ஸ், எல்லாம் மூணு மூணு காப்பி, எதுக்குப்பா மூணுன்னா "ஒண்ணு கேப்பான், ஒண்ணு தொலைப்பான், ஒண்ணு எனக்கு"ம்பாரு. அந்த ஃபைலோட லிஸ்ட்ல இருந்த ஆஸ்பத்திரிக்கு போனா கவுன்டர்ல இருந்த பொண்ணு கார்டை பாத்ததுமே "இப்போதைக்கு ஈசிஎச்எஸ் எடுக்கிறதில்ல அங்கிள்"னு சொல்லிடுச்சு. பில் பாக்கி நிக்குதாம். அந்த பொண்ணு மேல தப்பில்ல. அப்பா ஒண்ணும் பேசல, ஃபைலோட எலாஸ்டிக்கை திரும்ப மாட்டிட்டு எழுந்துட்டாரு, எனக்குதான் கை நடுங்குச்சு.

இப்ப விஷயத்துக்கு வரேன். நான் வேலை பாக்குறது அமெரிக்க மெடிக்கல் பில்லிங். அங்க முன்னாள் ராணுவத்தினருக்கு விஏன்னு தனி டிபார்ட்மென்ட், சொந்த ஆஸ்பத்திரியே நாடு முழுக்க இருக்கு, அது முடியலன்னா வெளி டாக்டர்கிட்ட அனுப்புவாங்க, அந்த வெளி டாக்டர் கிளெய்ம்தான் ராத்திரி பூரா எங்க ஸ்கிரீன்ல ஓடும். ஒரு கிளெய்ம் எதுக்கு பாஸ் ஆகுது, எதுக்கு திரும்புதுன்னு தோண்டப் போய் கடைசியா ஜெர்ரி மோரன்னு ஒரு செனட்டர்கிட்ட (அவங்க ஊரு மேல்சபை எம்பி) போய் நின்னேன்.

கதை இதுதான். 2014ல ஃபீனிக்ஸ் விஏ ஆஸ்பத்திரியில வெயிட்டிங் லிஸ்ட்டையே மறைச்சு வெச்சது வெளிய வந்துச்சு, காத்திருந்தே செத்தவங்க இருக்காங்கன்னு நாடே கொந்தளிச்சு மந்திரி ராஜினாமா பண்ணாரு. அடுத்து செனட்டர்கள் ஜான் மெக்கெய்னும் பெர்னி சாண்டர்ஸும் சேர்ந்து பேசி ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க, 2014 ஆகஸ்ட்ல கையெழுத்தாச்சு. 30 நாளுக்கு மேல காக்க வெச்சாலோ, விஏ இடம் வீட்ல இருந்து 40 மைலுக்கு மேல இருந்தாலோ வெளி டாக்டர பாத்துக்கலாம். 40 மைல்னா 64 கிலோமீட்டர், நம்ம வண்ணாரப்பேட்டையில கிளம்பினா மகாபலிபுரத்தையே தாண்டிடும்.

ஆனா அந்த 40 மைலை எப்படி அளந்தாங்கன்றதுலதான் கூத்து. மேப்ல ஸ்கேல் வெச்சு நேர்கோடு போட்டு அளந்திருக்காங்க! நடுவுல ஆறு இருக்கா, மலை இருக்கா, ரோடு சுத்திப் போகுதா, எதுவும் கணக்கில்ல. இதை படிச்சதும் எனக்கு நம்ம கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்தான் ஞாபகம் வந்துச்சு, நேர்கோட்டுல அந்தப்பக்கம் இருக்கிற டீக்கடை கண்ணுக்கு தெரியும், கேட் போட்டுட்டா டீ ஆறிப்போற வரைக்கும் நீ இந்தப்பக்கம்தான்.

இன்னொரு கொடுமை, 40 மைலுக்குள்ள ஒரு சின்ன விஏ கிளினிக் இருந்தாலே போச்சு, உனக்கு வேண்டிய வைத்தியம் அங்க இல்லன்னாலும் 'பக்கத்துலதான் இருக்கே'ன்னு வெளிய அனுப்ப மாட்டாங்க. கன்சாஸ் செனட்டர் ஜெர்ரி மோரன் பிடிச்சது இதைத்தான். கன்சாஸ்னா வயக்காடும் நீள ரோடும். அந்தாளு கமிட்டி கூட்டத்துக்கு கூட்டம் இதையே கேட்டிருக்காரு, 2015ல தனி மசோதாவே கொண்டு வந்தாரு. அந்த வருஷமே நேர்கோடு போய் வண்டி ஓட்டுற தூரம் கணக்காச்சு, ஒரு விதியை மாத்தினதுல தகுதி ஆனவங்க ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆவாங்கன்னு விஏவே சொல்லுச்சு. அப்புறம் மெக்கெய்னும் மோரனும் சேர்ந்து எழுதின மசோதா 2018ல வந்த மிஷன் ஆக்ட்ங்கிற புது சட்டத்துக்குள்ள போச்சு. 2019 ஜூன்ல இருந்து பெரும்பாலும் மைல் கணக்கு கிடையாது, நேரம்தான். சாதாரண டாக்டர்னா 30 நிமிஷ டிரைவ், ஸ்பெஷலிஸ்ட்னா 60 நிமிஷம்.

மோரனை தூக்கி வெச்சு ஆடல. 2014ல மெக்கெய்ன் கூட நின்ன அதே சாண்டர்ஸ் 2018ல மிஷன் ஆக்டை எதிர்த்து ஓட்டு போட்டாரு, 92க்கு 5ல பாஸ் ஆச்சு, அந்த அஞ்சுல ஒருத்தர். வெளிய அனுப்பி அனுப்பி சொந்த ஆஸ்பத்திரியை காலி பண்ணிடுவாங்கன்னு பயம். அந்த பயம் நியாயம்தான்னு எனக்கும் தோணுது, வெளிய அனுப்பிட்டு பில்லு கட்டலன்னா என்ன ஆகும்னு அப்பா ஃபைலோட திரும்பி வந்ததுல பாத்தாச்சே.

நம்ம பக்கம் யாருமே பண்ணலன்னு சொன்னா அது பொய். ஒரே ராங்க் ஒரே பென்ஷனுக்கு (எப்ப ரிட்டயர் ஆனாலும் ஒரே ராங்க், ஒரே சர்வீஸ்னா ஒரே பென்ஷன்) ராஜ்யசபா மனுக்கள் குழு, எம்பி கோஷியாரி தலைமையில, 2011 டிசம்பர்ல குடுக்கச் சொல்லி ரிப்போர்ட் வெச்சுச்சு. அப்புறமும் டெல்லி ஜந்தர் மந்தர்ல போராட்டத்துக்கு கிழவங்க மெடலோட உக்கார வேண்டியிருந்துச்சு, 2015 நவம்பர்லதான் ஆர்டர் வந்துச்சு. அரியர் நாலு தவணை, ஆறு மாசத்துக்கு ஒண்ணு. குடும்ப பென்ஷன் வாங்குற விதவைகளுக்கு மட்டும் ஒரே தவணை. அப்பா அப்ப அம்மாகிட்ட சொன்னாரு, "நான் முன்னாடியே போயிருந்தா உனக்கு மொத்தமா வந்திருக்கும்." அம்மா ரெண்டு நாள் பேசல.

எங்க ஏரியால கொடிநாளுக்கு சால்வை போடுவாங்க. அப்பாகிட்ட பதினோரு சால்வை இருக்கு, ஒண்ணு டிவிக்கு மேல, மிச்சம் பீரோவுல. முட்டி வலிக்கு எதுவும் ஆகல.

ஞாயித்துக்கிழமை கொடுங்கையூர் நாயக் மாமா வந்திருந்தாரு (முப்பது வருஷம் முன்னாடி ரிட்டயர், ராங்க் மட்டும் பேரோட ஒட்டிக்கிச்சு). மோரனோட நேர்கோடு கதையை சொன்னேன். ரெண்டு பேரும் சிரிக்கல. அப்பா கேட்டாரு, "அந்தாளு பட்டாளத்துல இருந்தவனா?" இல்லப்பான்னேன். மாமா கொஞ்ச நேரம் கழிச்சு, "ஏன்டா, நம்ம எம்பிக்கு எழுதினா பாலிகிளினிக் எவ்ளோ தூரம்னு எழுதறதா, எவ்ளோ நேரம்னு எழுதறதா?"ன்னாரு. நேரம்தான் மாமான்னேன். அவர் வீட்ல இருந்து கேட் தாண்டி தண்டையார்பேட்டை மெட்ரோ புடிக்கணும், அங்கேருந்து டவுன்.

அன்னையில இருந்து அவரு கேட் மூடுற நேரம் திறக்கிற நேரம் எல்லாம் பேத்தியோட பழைய ரஃப் நோட்ல எழுதிட்டு இருக்காரு. லெட்டரை நான் டைப் பண்ணனுமாம். நேத்து காலையில போன் பண்ணி "எழுதிக்கோ, 22 நிமிஷம்"னாரு, குட்மார்னிங் கூட சொல்லல.